ஒளியின் பின்னே போனவர்

ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் சாமான் வாங்கிவிட்டுப் பெற்றோருடன் கடற்கரைக்குப் போயிருப்பீர்கள். கடலுக்கு அந்த நிறம் எங்கிருந்து வந்தது என்று கேட்டதுண்டா? கேட்டு, விடையும் கண்டவர் சர் சி. வி. இராமன்.

இவர் 1888 நவம்பர் 7ஆம் நாள் திருச்சியை அடுத்த திருவானைக்காவலில், ஓர் ஆசிரியரின் மகனாகப் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1907இல் கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியானார். வயது பதினெட்டுதான், கை நிறையச் சம்பளம். வேறொருவராயிருந்தால் இது போதும்டா சாமி என்று இருந்திருப்பார். இவரோ அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் பவ்பஜார் தெருவிலிருந்த ஆய்வுக்கூடத்துக்கு ஓடினார். ஒருநாள் இருநாளல்ல, பல ஆண்டுகள்! 1917இல் சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். சர்க்கார் உத்தியோகத்தை உதறுவதென்றால் சும்மாவா?

1921இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலம் அவரை ஈர்த்தது. அது வானத்தின் பிரதிபலிப்பே என்று அறிஞர்கள் சொல்லி வந்தனர். இராமன் ஒரு சிறு பட்டகத்தின் வழியே பார்த்து, நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை மறைத்தார். அப்போதும் கடல் நீலமாகவே தெரிந்தது! தண்ணீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று உணர்ந்தார்.

பிறகு, 18 செண்டிமீட்டர் அகலமுள்ள தொலைநோக்கி வில்லையால் வெயிலைத் திரட்டி, இன்னொரு வில்லையால் அதைக் குவித்துத் திரவத்தில் பாய்ச்சினார். உடனிருந்து உழைத்தவர் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், அவரையும் நாம் மறக்கக்கூடாது. சிதறிய ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வந்தது. 1928 பிப்ரவரி 28இல் பாதரச விளக்கொளியால் இது உறுதியாயிற்று. 1930இல் நோபல் பரிசு. அறிவியலில் அதைப் பெற்ற முதல் ஆசியர் இவரே.

1960இல் லேசர் பிறந்தது. 1965இல் கலிபோர்னியாவில் வாயுக்களின் வேதிவினையாலேயே இயங்கும் லேசரையும் செய்தார்கள். இத்தகைய லேசரின் வலிமை கூடக்கூடக் கண்ணாடிக்குத்தான் சோதனை. ஒளியில் நூற்றில் ஒரு பங்கை அது உறிஞ்சினாலும் சூடேறி உப்பிவிடும். கதிரின் ஒழுங்கு குலைந்துவிடும். அதனால் உலோகக் கண்ணாடிக்குள்ளேயே தண்ணீர் ஓடவிட்டுக் குளிர்விக்கிறார்கள். இராமன் மங்கிய ஒளியைத் தேடிப் பிடித்தார். இவர்கள் மூர்க்கமான ஒளியை அடக்குகிறார்கள். ஒளி பொருளில் பட்டால் என்ன நடக்கும் என்பதே இரண்டுக்கும் அடிப்படைக் கேள்வி. இன்று லேசரையும் இராமன் விளைவையும் சேர்த்து, இரத்தினக் கல்லையும் மருந்தையும் உடைக்காமலே சோதிக்கிறார்கள்.

1970 நவம்பர் 21இல், பெங்களூரில் தாம் நிறுவிய ஆய்வுக்கழகத்தில் அவர் மறைந்தார்.

பெற்றோர்களே! பால்மரம் வெட்டிப் பிள்ளைகளைப் படிக்கவைத்த பரம்பரை நம்முடையது. பிள்ளைக்கு நல்ல வேலை கிடைக்கவேண்டும் என்று நாம் நினைப்பது நியாயமே. இராமனும் பத்து ஆண்டுகள் வேலையை விடவில்லை, கேள்வியையும் விடவில்லை. ஆகவே, பிள்ளை ஏன் என்று கேட்டால் வாயை மூடு என்று அதட்டாதீர்கள். இன்று பரிசு வாங்காத பிள்ளையிடமும் அந்தக் கேள்வி இருக்கலாம்.