வேதத்தை அச்சேற்றிய மாக்ஸ் முல்லர்

சென்னையில் மாக்ஸ் முல்லர் பவன் என்றால் ஜெர்மன் மொழி கற்கும் இடம் என்று பலருக்கும் தெரியும். அந்தப் பெயருக்கு உரியவர் இந்திய மண்ணில் ஒரு நாள்கூடக் கால் வைத்ததில்லை. ஆனால், ரிக் வேதம் முழுவதையும் சாயனரின் உரையோடு முதன்முதலில் அச்சுக்குக் கொண்டுவந்தவர் அவர்தான்.

1823 டிசம்பர் 6ஆம் தேதி ஜெர்மனியின் டெசாவ் நகரில் பிறந்தார். தந்தை வில்ஹெல்ம் முல்லர் பெயர் பெற்ற கவிஞர். மகனுக்கு நான்கு வயது நிறையும் முன்பே அவர் காலமாகிவிட, தாயார்தான் சிக்கனமாகக் குடும்பத்தை நடத்தினார். லைப்சிக்கில் சமஸ்கிருதம் படித்த முல்லர், 1845இல் பாரிஸ் சென்றார். அங்கே பேராசிரியர் பர்னூஃப், ரிக் வேதத்தை உரையோடு பதிப்பிக்குமாறு அவரைத் தூண்டினார். கையில் பணமில்லை. மற்றவர்களுக்குச் சுவடிகளைப் படியெடுத்துக் கொடுத்து வயிற்றைக் கழுவியபடியே, இரவில் கண் விழித்துத் தம் வேலையைப் பார்த்தார்.

மறு ஆண்டு லண்டன். 1847இல் கிழக்கிந்தியக் கம்பெனி பதிப்புச் செலவை ஏற்க முன்வந்தது. ஆக்ஸ்போர்டு அச்சகத்தில் வேலை தொடங்கியதால், அருகிலேயே இருக்க வேண்டும் என்று 1848இல் அந்த ஊருக்கே குடிபெயர்ந்தார். கடைசிவரை அதுவே அவருக்கு ஊரானது.

வேதத்தை அச்சடிப்பது மற்ற நூலை அச்சடிப்பதைப் போன்றதல்ல. ஓதும்போது குரல் ஏறி இறங்குவதையும் எழுத்தில் காட்ட வேண்டும். தாழ்ந்த ஒலிக்கு, அதாவது அநுதாத்தத்துக்கு, எழுத்தின் கீழே படுக்கைக் கோடு. ஸ்வரிதத்துக்கு மேலே நிற்கும் கோடு. உயர்ந்த ஒலியான உதாத்தத்துக்குக் குறியே கிடையாது. ஏற்கெனவே மேலும் கீழும் உயிர்க்குறிகள் ஒட்டிய நாகரி எழுத்துகளோடு இந்தக் கோடுகளையும் ஈய அச்சில் கோக்க வேண்டும்.

ஒரு கோடு மாறினால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். குடி முழுகிய கதையே உண்டு. இந்திரனைக் கொல்ல ஒரு மகன் வேண்டும் என்று துவஷ்டா வேள்வி செய்தார். 'இந்திரசத்ரு' என்ற சொல்லின் கடைசியில் குரல் உயர்ந்தால் இந்திரனைக் கொல்பவன் என்று பொருள். முதலிலேயே உயர்ந்தால் இந்திரனால் கொல்லப்படுபவன். வேள்வியில் ஸ்வரம் பிசகியது. பிறந்த விருத்திரன் இந்திரன் கையால் மாண்டான்.

இத்தனை நுணுக்கமான வேலையைச் செய்த ஆக்ஸ்போர்டு அச்சுக்கோப்பாளர்களுக்குச் சமஸ்கிருதம் தெரியாது. அவர்களில் ஒருவரைப் பற்றி முல்லரே எழுதி வைத்திருக்கிறார். முல்லர் கொடுத்த பிரதியில் பிழை இருந்தால், அந்த ஆள் புரூஃபில் கேள்விக்குறி போட்டு அனுப்புவார். பெரும்பாலும் அவர் சந்தேகம் சரியாகவே இருக்கும். மொழி தெரியாமல் எப்படி என்று முல்லர் வியந்து விசாரித்தார். எழுத்துப் பெட்டியின் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குக் கை போய்ப் போய்ப் பழகிவிட்டது, வழக்கமில்லாத பக்கம் கை போக நேர்ந்தால் உடனே தெரிந்துவிடும் என்பதுதான் அவர் தந்த விளக்கம். உதாரணமாக, ஒரு சொல்லில் ர வந்தால் பின்னால் வரும் ந பல இடங்களில் ண ஆகும். அந்த இலக்கண விதி அவர் தோளில் இருந்தது. முல்லரின் புகழில் இந்த மனிதருக்கும் பங்கு உண்டு என்றே சொல்ல வேண்டும்.

முதல் தொகுதி 1849இலும், ஆறாவதும் கடைசியுமான தொகுதி 1874இலும் வெளிவந்தன. 25 ஆண்டு உழைப்பு.

இடையில் ஓர் அடி. 1860இல் ஆக்ஸ்போர்டின் சமஸ்கிருதப் பேராசிரியர் பதவிக்குப் போட்டியிட்டு, மோனியர் வில்லியம்ஸிடம் 833க்கு 610 என்ற வாக்குகளில் தோற்றார். அந்நியர், சமயக் கருத்தில் தாராளமானவர் என்பதே அவருக்குப் பாதகமானது. இந்தியாவிலோ, கிறிஸ்துவச் சார்புடையவர் என்ற குற்றச்சாட்டு இன்றும் அவர் மீது உண்டு. இரு பக்கமும் அடி வாங்கிய மத்தளம்தான்.

சமஸ்கிருதத்தை ரோமன் எழுத்தில் எழுதுவதற்கும் 1854இல் அவர் ஒரு முறையை முன்வைத்தார். நம் அடையாள அட்டையில் ல, ள, ழ மூன்றும் ஒரே எழுத்தாகிப் படும் பாட்டை அறிந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புரியும். புள்ளி வைத்த புது எழுத்துகளை வார்க்க எல்லா அச்சகத்தாலும் முடியாது. சாய்வெழுத்து எங்கும் இருக்கும். எனவே 'ச'வுக்குச் சாய்ந்த கே, 'ஜ'வுக்குச் சாய்ந்த ஜி என்று வைத்தார். அச்சகத்துக்கு வசதி, வாசகருக்குத் திண்டாட்டம். அவர் பதிப்பித்த 'கிழக்கின் புனித நூல்கள்' வரிசையில், சாய்வைக் கவனிக்காதவர்கள் சாந்தோக்கியத்தைக் 'காந்தோக்யா' என்றும் ஜைனத்தைக் 'கைனா' என்றும் படித்தார்கள். 1894இல் ஜெனீவாவில் கூடிய கீழைத்தேய அறிஞர் மாநாடு, புள்ளியும் கோடும் இட்ட முறையையே ஏற்றது. இன்று அறிஞர்கள் எழுதுவது அதன் வழிவந்த முறைதான்.

விஜயநகரம் மகாராஜாவின் பொருளுதவியால் ரிக் வேதத்தின் இரண்டாம் பதிப்பு 1890 முதல் 1892 வரை நான்கு தொகுதிகளாக வந்தது. 1900 அக்டோபர் 28ஆம் தேதி ஆக்ஸ்போர்டில் முல்லர் காலமானார். தம் ரிக் வேதப் பதிப்பின் சமஸ்கிருத முகப்பில் அவர் போட்டுக்கொண்ட பெயர் மோட்சமூலர் பட்டர். ஊர், கோதீர்த்தம். ஆக்ஸ்போர்டு என்றால் மாடு கடக்கும் துறை அல்லவா!