பட்டம் வாங்காமல் போன பழைய மாணவர்

இரும்புலியூர் பக்கம் அறை எடுத்துத் தங்கியவர்கள், விடுதிவாசிகள், மின்சார ரயிலில் வந்து போனவர்கள் என்று நாம் எல்லோருமே இங்கே வாங்கிய பட்டத்தைப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்கிறோம். பட்டமே வாங்காமல் வெளியேறிய ஒரு மாணவரை இம்மலரில் நினைவுகூர்வது பொருத்தம் என்று தோன்றியது. அவர்தான் பேராயர் வே. ச. அசரியா.

1874 ஆகஸ்ட் 17 அன்று திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்தார். தகப்பனார் தாமஸ் வேதநாயகம் கிராமத்துக் குருவானவர். அசரியா படித்தபோது நம் சென்னைக் கிறித்துவக் கல்லூரி தாம்பரத்தில் இல்லை; ஜார்ஜ் டவுனில் இருந்தது. பி.ஏ. முடிக்காமலேயே படிப்பு நின்றது. மற்றவராக இருந்தால் மனசு உடைந்திருக்கும். ஆனால் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு பழக்கத்தை மட்டும் அவர் விடவில்லை. தினமும் வேதம் வாசித்துத் தியானிப்பதுதான் அது.

ஆங்கிலிக்கன் சபையின் ஜெபப் புத்தகத்தில் இதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. 150 சங்கீதங்களும் 30 நாட்களுக்கு, காலை ஒரு பகுதி மாலை ஒரு பகுதி என 60 பங்காகப் பிரிக்கப்பட்டிருக்கும். அதோடு பழைய ஏற்பாட்டிலும் புதிய ஏற்பாட்டிலும் அன்றன்றைக்கு உரிய பாடங்கள். பிடித்த பகுதியை மட்டும் படித்துவிட்டு எழுந்துவிட முடியாது. உறுத்துகிற வசனமும் ஒருநாள் எதிரே வந்து நிற்கும்.

அப்படி வாசித்தவர் வாசிப்போடு நிற்கவில்லை. ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக ஊர் ஊராகச் சுற்றினார். 1902-இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறித்தவர்கள் தங்கள் காசிலேயே ஊழியம் நடத்துவதைக் கண்டார். நம்மவர்களால் ஏன் முடியாது என்ற கேள்வி அவரைக் குடைந்தது. 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. பிறரை அனுப்பிவிட்டுத் தான் இருந்துகொள்வதும் அவருக்குச் சரியாகப் படவில்லை. 1909-இல் குடும்பத்தோடு நிஜாம் சமஸ்தானத்து டோர்னக்கலுக்குப் போனார். தெலுங்கு கற்றுக்கொண்டார். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர் அவரே.

டோர்னக்கலில் திருச்சபைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா மக்கள், எழுத்தறியாத ஏழைகள். புத்தகமே படிக்கத் தெரியாதவர்கள் எப்படித் தியானிப்பது? கதையாகச் சொல்லி, பாட்டாகப் பாடி, மனப்பாடம் செய்ய வைத்துத்தான் வேதம் அவர்களிடம் போய்ச் சேர்ந்தது. கேட்டதை அடுத்த வீட்டுக்குச் சொல்ல வேண்டும் என்று ஞானஸ்நானத்தின்போதே அசரியா அவர்களிடம் உறுதி வாங்குவார். யாரும் மதிக்காத மனிதர்களை அவர் போதகர்களாக மதித்தார்.

நம் கல்லூரி 1937-இல் தாம்பரம் வந்தது. மறுவருஷம் டிசம்பரில் உலக மிஷனெரி மாநாடு இந்த வளாகத்திலேயே கூடியது. இந்தியத் திருச்சபையின் மூத்த தலைவராக அசரியா அதில் கலந்துகொண்டார். பட்டமில்லாமல் போனவர், உலகமே செவிகொடுக்கும் மனிதராகத் தம் கல்லூரிக்குத் திரும்பி வந்தார். 1945 ஜனவரி 1 அன்று காலமானார்.

எந்த இயந்திரத்தையும் வருஷத்துக்கு ஒருமுறை பிரித்து மாட்டுவதைவிட, தினம் துடைத்து எண்ணெய் விடுவதுதான் காப்பாற்றும் என்பது பொறியாளர்களாகிய எங்கள் அனுபவம். மனசும் அப்படித்தான். மதிப்பெண் குறைந்துபோன தம்பி, தங்கைகளே, நீங்கள் எந்த மதத்தவராக இருந்தாலும் சரி, இந்த அண்ணனை ஒருதரம் நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் கால் மணி நேரம் ஒதுக்கிப் படியுங்கள்; படித்ததில் ஒன்றையாவது அன்றைக்கே செய்துபாருங்கள்.