மலேரியாவைத் தடுக்கும் 'கோளாறு' ரத்தம்... கணக்குப் போட்டே கண்டுபிடித்தவர்! யார் இந்த ஹால்டேன்?

முல்லைப் பெரியாறு அணை என்றால் மதுரைக்காரர்களுக்கு உடனே பென்னிகுயிக் ஞாபகம் வரும். 1895ல் திறக்கப்பட்ட அந்த அணையைக் கட்டப் போன தொழிலாளர்கள் பலர் மலேரியாவில் செத்துப்போனது அவ்வளவாக ஞாபகம் வராது. இப்படி ஒரு காய்ச்சல் ஒரே ஊரில் நூற்றுக்கணக்கான தலைமுறைகளாக ஆட்களைக் கொன்றுகொண்டே இருந்தால், அங்கே பிறக்கும் பிள்ளைகளின் ரத்தம்கூட மாறிப்போகுமா?

மாறும் என்று கணக்கோடு சொன்னவர் ஜே.பி.எஸ். ஹால்டேன்.

சுரங்கத்தில் மயங்கி விழுந்த பையன்

1892 நவம்பர் 5, இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் பிறந்தார். அப்பா உடலியல் விஞ்ஞானி. மகனையும் சுரங்கத்துக்குள் கூட்டிப்போவார். மீத்தேன் வாயு மேலே தங்கும், தரையில் நல்ல காற்று இருக்கும் என்பதைப் பையன் எப்படித் தெரிந்துகொண்டான்? நின்றபடியே ஷேக்ஸ்பியர் வசனம் ஒப்பிக்கச் சொன்னார் அப்பா. பாதியில் மயங்கி விழுந்தான், கீழே விழுந்ததும் தெளிந்தான்!

இதில் வேடிக்கை, ஹால்டேன் கல்லூரியில் படித்தது கணிதமும் கிரேக்க, லத்தீன் இலக்கியமும்தான். அறிவியல் பட்டம் கிடையாது.

அந்தக் கணிதம்தான் கைகொடுத்தது. ஆலைப் புகை படிந்த மான்செஸ்டரில், வெளிர் நிற அந்துப்பூச்சிகள் இருந்த இடத்தை ஐம்பதே வருஷத்தில் கறுப்புப் பூச்சிகள் பிடித்துவிட்டன. வெளிர் பூச்சிக்கு 2 வாரிசு என்றால் கறுப்புக்கு 3 இருந்தால்தான் இந்த வேகம் சாத்தியம் என்று 1924ல் கணக்குப் போட்டார். பரிணாமம் என்பது வெறும் கதை இல்லை, எண்ணிப் பார்க்க முடிகிற விஷயம் என்று காட்டியது இது. அடுத்த வருஷம் பிரிக்ஸுடன் சேர்ந்து எழுதிய நொதிச் சமன்பாட்டை இன்றும் உயிர்வேதியியல் மாணவர்கள் படிக்கிறார்கள்.

கெட்ட மரபணு ஏன் அழியவில்லை?

தலசீமியா என்ற ரத்த நோய் இத்தாலி, கிரீஸ் பக்கம் அதிகம். நோய் முற்றிய குழந்தைகள் சின்ன வயதிலேயே இறந்துவிடும். அப்படியானால் அந்த மரபணு எப்போதோ ஒழிந்திருக்க வேண்டுமே? புதுசு புதுசாக மரபணு மாற்றம் நடக்கிறது என்றார்கள் சிலர். அவ்வளவு வேகமாக நடக்காது என்றார் ஹால்டேன். அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த மரபணுவை வாங்கியவர்களுக்கு ஏதோ லாபம் இருக்க வேண்டும், அது மலேரியாவிலிருந்து தப்பிப்பதாக இருக்கலாம் என்று 1949ல் எழுதினார்.

1954ல் ஆண்டனி அலிசன் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆதாரம் காட்டினார். தலசீமியாவில் அல்ல, அதற்கு உறவான சிக்கிள் செல் நோயில். ஹீமோகுளோபின் புரதத்தின் ஒரு சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். அதில் 6வது இடத்தில் ஒன்றே ஒன்று மாறினால் போதும், சிவப்பணு அரிவாள் மாதிரி வளையும். இரண்டு பக்கமும் வாங்கியவருக்கு அது கடும் நோய். ஒரு பக்கம் மட்டும் வாங்கியவருக்கோ, மலேரியா கிருமி புகுந்த அணு வளைந்து, அதை உடம்பே சீக்கிரம் அகற்றிவிடும். ஒருத்தர் உயிரைக் காப்பாற்றும் அதே மாற்றம், இன்னொருத்தர் உயிரை வாங்குகிறது.

நம்ம நீலகிரியில்...

இந்தியாவில் சிக்கிள் செல் இருப்பது முதலில் வெளியே தெரிந்தது 1952ல். இடம், நம்ம நீலகிரி. அங்குள்ள பழங்குடி மக்களின் ரத்தத்தைச் சோதித்தபோது தெரியவந்தது. மலேரியா இப்போது பெருமளவு குறைந்துவிட்டது. ஆனா மரபணு போகவில்லை. லாபம் போய் நஷ்டம் மட்டும் மிச்சம்! 2047க்குள் இந்த நோயை ஒழிப்பதற்கான தேசியத் திட்டத்தை மத்திய அரசு 2023 ஜூலையில் தொடங்கியது.

ஹால்டேன் 1957ல் இந்தியாவுக்கே குடிவந்துவிட்டார். முதலில் கொல்கத்தா, பிறகு புவனேஸ்வர். வேட்டி, ஜிப்பா, சைவச் சாப்பாடு. 1961ல் இந்தியக் குடிமகனும் ஆனார். (கம்யூனிஸ்டாக இருந்தபோது, மரபியலையே மறுத்த சோவியத் லைசென்கோவை வெளிப்படையாகக் கண்டிக்கவில்லை என்ற விமர்சனம் அவர் மேல் உண்டு. அது நியாயமான விமர்சனம்தான்.)

ஆந்திராவில் மாமன்-அக்கா மகள் திருமணங்களை ஆராயச் சொல்லி மாணவர் துரோணம்ராஜுவைத் தூண்டியவரும் இவரே. மதுரைப் பக்கமும் முறைப்பெண் கட்டுவது வழக்கம் என்பதால் இது நமக்கும் சம்பந்தமுள்ள விஷயம். ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து வந்த மறைந்த மரபணு, கணவன் மனைவி இருவரிடமும் இருக்க வாய்ப்பு கூடுதல். இருவரிடமும் இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நோய்க்கான வாய்ப்பு 4ல் 1. சிக்கிள் செல்லோ தலசீமியாவோ குடும்பத்தில் இருந்தால், கல்யாணத்துக்கு முன் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்கிறார்களே, காரணம் இதுதான்.

1964 டிசம்பர் 1ல் புற்றுநோயால் புவனேஸ்வரில் ஹால்டேன் இறந்தார். எரிக்கவும் இல்லை, புதைக்கவும் இல்லை. அவர் எழுதிவைத்தபடி, உடல் ஆந்திராவின் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரி மாணவர்களின் படிப்புக்குப் போனது.