சூரியனைக் கண்காணித்த எவர்ஷெட்



கடலுக்குப் போகுமுன் வானத்தைப் பார்ப்பது நம் முத்துக்குளித்துறை மக்களின் பழக்கம். காற்றையும் மேகத்தையும் பார்த்துப் புயலை அறிவோம். ஆனால் சூரியனிலும் புயல் எழுகிறது, அது நம் கடல் தொழிலையும் தொடுகிறது என்பதை எத்தனை பேர் அறிவோம்? இதை அறிய உதவியவர்களுள் ஒருவர் நம் கொடைக்கானலில் உழைத்த ஜான் எவர்ஷெட்.

1864-இல் இங்கிலாந்தில் பிறந்த அவர், ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் சூரியனை ஆராய்ந்தார். 1876-78 தாது வருடப் பஞ்சத்திற்குப் பின், மழைக்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி எழுந்தது. அதன் பயனாக 1899-இல் கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் செயல்படத் தொடங்கியது. எவர்ஷெட் 1907-இல் அங்கு வந்தார். உடன் வந்த மனைவி மேரியும் வானியல் அறிந்தவர். கவிஞர் தாந்தேயின் வானியல் அறிவைப் பற்றி 1914-இல் நூல் வெளியிட்டவர்.

சூரியனில் தெரியும் கரும்புள்ளிகள் காந்த ஆற்றல் மிகுந்த இடங்கள். அவற்றில் வாயு சுழல்காற்றைப் போலச் சுழலும் என்றே அன்று பலர் எதிர்பார்த்தார்கள். 1909 ஜனவரியில் எவர்ஷெட் கண்டதோ வேறு. வாயு புள்ளியின் நடுவிலிருந்து நாற்புறமும் வெளிநோக்கிப் பாய்ந்தது. எதிர்பார்த்ததை விட்டு, கண்ட உண்மையை அவர் எழுதினார். இன்றும் அது எவர்ஷெட் விளைவு என்றே வழங்கப்படுகிறது. 1911-இல் இயக்குநரான அவர் 1923-இல் ஓய்வு பெற்றார். ஊர் திரும்பிய பின்னும் சொந்த ஆய்வகம் அமைத்துச் சூரியனைக் கவனித்து வந்தார். 1956-இல் தம் 92-ஆம் வயதில் மறைந்தார்.

இதனால் நமக்கு என்ன? கரும்புள்ளிப் பகுதிகளிலிருந்து சில வேளைகளில் மின்னூட்டத் துகள்கள் பெருமேகமாகப் புறப்படுகின்றன. ஓரிரு நாளில் அவை பூமியை எட்டினால் வானொலித் தொடர்பு தடுமாறும்; ஜி.பி.எஸ். காட்டும் இடம் பிசகும். மின் கட்டமைப்பும் பாதிக்கப்படும். 1989-இல் கனடாவின் கியூபெக் மாநிலமே பல மணி நேரம் இருளில் மூழ்கியது. 2024 மே மாதப் புயலின்போது லடாக் வானமே சிவந்தது. துறைமுகத்திற்கு வரும் கப்பலும், ஜி.பி.எஸ். பார்த்துக் கரை திரும்பும் படகும் இதற்கு விலக்கல்ல.

கொடைக்கானலில் நூறாண்டுக்கு மேலாக எடுத்துச் சேர்த்த சூரியப் படங்கள் இன்றைய ஆய்வாளருக்குப் புதையல். எடுத்த அன்று அவற்றின் முழுப் பயன் யாருக்கும் தெரியாது. ஆயினும் அந்தப் பணி தொடர்ந்தது. பலன் உடனே தெரியாத நம் அன்றாடக் கடமைகளையும் நாம் அப்படிச் செய்கிறோமா?

கொடைக்கானல் செல்லும்போது ஏரியோடு திரும்பிவிடாமல், நம் பிள்ளைகளுக்கு அந்த ஆய்வகத்தைப் பற்றியும் சொல்லுவோம். சூரியனை வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது என்பதையும் சேர்த்தே கற்பிப்போம்.