தன் உள்ளத்தை நம்பிய கண்டி மனிதர்: அறிஞர் சித்தி லெப்பை

எமது பழைய மாணவிகள் சங்கம் நூறு ஆண்டுகளைக் காணும் இவ்வேளையில், இம்மலரில் யாருடைய வாழ்க்கையைப் பற்றி எழுதுவது என்று நாம் கூடிப் பேசினோம். பல பெயர்கள் வந்தன. ஈற்றில் ஓர் ஆணின் பெயரைத் தெரிந்தெடுத்தோம். பெண்கள் பாடசாலையின் மலரில் இது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் கண்டி நகரில் வளர்ந்து, புத்தகப் பையுடன் திருகோணமலை வீதியிலும் வாவிக்கரையிலும் நடந்த நாம் யாவரும், ஏதோ ஒரு வகையில் அவருக்குக் கடன்பட்டவர்களே. அவர் பெயர் முகம்மது காசிம் சித்தி லெப்பை.

இன்னொரு காரணமும் உண்டு. பாடசாலைக்குச் சென்று உயர்தர வகுப்பு மாணவிகளுடன் பேசும்போதெல்லாம் ஒரே கேள்வி எம்மிடம் வருகிறது. வீட்டார் ஒன்று சொல்கிறார்கள், ஆசிரியர் ஒன்று சொல்கிறார், மனம் வேறொன்று சொல்கிறது. இதில் எதை நம்புவது? மனம் சொல்வது உண்மையான உள்ளுணர்வா, வெறும் பிடிவாதமா என்று எப்படி அறிவது? இக்கேள்விக்கு அறிவுரை சொல்வது இலகு. ஒரு வாழ்க்கையை எடுத்துக் காட்டுவது அதைவிடப் பயனுள்ளது என நினைத்தோம்.

சித்தி லெப்பை 1838 ஜூன் 11 அன்று கண்டியில் பிறந்தார். தந்தையார் சட்டத்தரணி. அக்காலத்தில் 'புரொக்டர்' என்றால் அரண்மனைக்காரருக்கு அடுத்த மதிப்பு. மகனும் அரபு, தமிழ், ஆங்கிலம் ஆகிய மொழிகளைக் கற்றுத் தேர்ந்து, அதே தொழிலுக்குள் இறங்கினார். 1860களிலேயே நீதிமன்றத்தில் வழக்காடினார். கண்டி மாநகர சபையில் உறுப்பினராக இருந்தார். சில காலம் நீதிவானாகவும் கடமையாற்றினார். 1867இல் புகையிரதம் கண்டிக்கு வந்துவிட்டது. கோப்பித் தோட்டங்களால் நகரில் பணம் புழங்கிய காலம். ஆங்கிலம் தெரிந்த ஒரு சட்டத்தரணிக்கு வாழ்க்கையில் குறை ஒன்றும் இருந்திருக்காது. அந்த வழியிலேயே போயிருந்தால் செல்வந்தராக வாழ்ந்து மறைந்திருப்பார். நாமும் அவர் பெயரை அறிந்திருக்க மாட்டோம்.

ஆனால் நீதிமன்றம் என்பது சமூகத்தின் நோய்களை நாளாந்தம் காணும் இடம். எழுத வாசிக்கத் தெரியாதவர் தமக்கு விளங்காத பத்திரத்தில் அடையாளம் வைப்பதையும், தம் உரிமை எதுவென்று அறியாமல் நிற்பதையும் அங்கு தொழில் செய்யும் எவரும் காணாமல் இருக்க முடியாது. அன்றைய முஸ்லிம் மக்களில் பெரும்பாலோர் வர்த்தகத்தில் இருந்தனர். பிள்ளைகள் குர்ஆனை ஓதக் கற்றனர், பொருள் அறியவில்லை. ஆங்கிலப் பாடசாலைகள் மிஷனரிமாரின் கையில் இருந்தன. அங்கு அனுப்பினால் பிள்ளை மதம் மாறிவிடும் என்ற பயம் பெற்றோருக்கு. அந்தப் பயத்தை முற்றிலும் வீண் என்றும் சொல்ல முடியாது. ஆகவே பிள்ளைகள் வீட்டிலும் கடையிலும் வளர்ந்தனர். பெண் பிள்ளைகளோ வீட்டுக்குள்ளேயே வளர்ந்தனர்.

இதே நெருக்கடி மற்றச் சமூகங்களுக்கும் இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலையைத் தொடங்கினார். 1880இல் கேணல் ஒல்கொட் இலங்கைக்கு வந்தபின் பௌத்தப் பாடசாலைகள் எழுந்தன. சமயத்தையும் இழக்காமல் புதிய கல்வியையும் விடாமல் பெறலாம் என்பதை அவர்கள் செய்து காட்டினர். கண்டியில் இருந்த சித்தி லெப்பைக்கு உள்ளே எழுந்த எண்ணமும் அதுவே. அது ஓர் இரவில் பிறந்த எண்ணம் எனக் கருத இடமில்லை. அவர் தொழிலைத் தொடங்கியதற்கும் வெளிப்படையாகக் கல்விப் பணியில் இறங்கியதற்கும் இடையே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உள்ளன. இதை எமது இளைய சகோதரிகள் கவனிக்க வேண்டும். உள்ளத்தின் குரல் என்றதும் மின்னல் போல ஒன்று வந்து வழி காட்டும் என நாம் எதிர்பார்க்கிறோம். பலருக்கு அது ஆண்டுக்கணக்காக விலகாமல் நிற்கும் ஒரு நெருடலாகவே வருகிறது.

1882 டிசம்பரில் 'முஸ்லிம் நேசன்' என்ற தமிழ் வாரப் பத்திரிகையை அவர் தொடங்கினார். தம் மனத்தில் இருந்ததை முதன்முறையாக ஊர் அறியச் சொன்னது அதன் மூலமே. ஆங்கிலம் படியுங்கள், தமிழைப் பிழையின்றிப் படியுங்கள், அரபைப் பொருளறிந்து படியுங்கள், பெண் பிள்ளைகளையும் படிக்க வையுங்கள் என்று வாரந்தோறும் எழுதினார். எதிர்ப்பும் வாரந்தோறும் வளர்ந்தது. ஆங்கிலக் கல்வி மார்க்கத்துக்கு ஆகாது என்றவர்கள் அவரைப் பழித்தனர். அவரை எதிர்த்தவர்களில் பலர் கெட்டவர்கள் அல்லர். தம் பிள்ளைகளின் மேல் உண்மையான அக்கறை கொண்டவர்கள். அதனால்தான் அந்த எதிர்ப்பு கடினமானது. பகைவர் ஏசினால் தாங்கிக்கொள்ளலாம். பள்ளிவாசலில் அருகே நின்று தொழுகிறவர் முகம் திருப்பினால் மனம் என்ன பாடுபடும்?

இக்காலத்தில் அவருக்கு ஒரு துணை கிடைத்தது. எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்ற ஒராபி பாஷா, தம் தோழர்களுடன் நாடுகடத்தப்பட்டு 1883 ஜனவரியில் கொழும்புக்கு வந்து சேர்ந்தார். சித்தி லெப்பை அவருடன் நட்புக் கொண்டார். கல்வியைப் பற்றி இருவரின் எண்ணமும் ஒன்றாயிருந்தது. பின்னர், 1892இல், ஒராபி பாஷா கண்டிக்கே குடிவந்து 1901 வரை இங்கு வாழ்ந்தார். ஹல்லொலுவ வீதியில் அவர் நினைவாக உள்ள இல்லத்தை எம்மில் பலர் பார்த்திருப்போம். தன் உள்ளத்தை நம்புவது என்றால் எவரையும் கேட்காமல் தனித்து நிற்பது எனச் சிலர் நினைக்கின்றனர். சித்தி லெப்பை அப்படி நிற்கவில்லை. உலகம் கண்ட ஒருவருடன் தம் எண்ணத்தை வைத்துப் பேசினார், கேட்டார், பிறகே அடி எடுத்து வைத்தார்.

1884இல் கொழும்பில் அவரது முயற்சியால் அல்மதரஸதுல் கைரிய்யதுல் இஸ்லாமிய்யா என்ற பாடசாலை திறக்கப்பட்டது. அது நிலைக்கவில்லை. ஆதரவு குறைந்து, சில ஆண்டுகளில் செயலிழந்தது. ஊரார் என்ன பேசியிருப்பர் என்று நாம் ஊகிக்கலாம். ஒருவருடைய உள்ளுணர்வுக்கு இதைவிடப் பெரிய சோதனை கிடையாது. நான் நினைத்தது சரியென்றால் ஏன் தோற்றேன் என்ற கேள்வி அப்போது எழும். அவர் பத்திரிகையை நிறுத்தவில்லை, பேசுவதையும் நிறுத்தவில்லை. 1892இல் வாப்பிச்சி மரைக்காரின் பெரும் பங்களிப்புடனும் ஒராபி பாஷாவின் ஊக்கத்துடனும் மருதானையில் மீண்டும் ஒரு பாடசாலை எழுந்தது. இன்று கொழும்பு ஸாஹிறாக் கல்லூரி என உலகறிய நிற்பது அதுவே. முதலில் விழுந்த விதை வேறு கைகளால் மீண்டும் நடப்பட்டபோது, அது தம் பெயரில் முளைக்கவில்லையே என்று அவர் ஒதுங்கவில்லை. பிடிவாதக்காரர் தாம் வெல்ல வேண்டும் என நினைப்பார். உள்ளத்தின் குரலைக் கேட்பவருக்குக் காரியம் வென்றால் போதும். மாணவிகள் எம்மிடம் கேட்கும் கேள்விக்கு இதில் ஒரு விடை இருப்பதாக நாம் கருதுகிறோம்.

பாடசாலைப் பணி நடந்த அதே காலத்தில், 1885இல், 'அசன்பே சரித்திரம்' என்ற நாவலையும் அவர் எழுதி வெளியிட்டார். இலங்கையில் எழுந்த முதல் தமிழ் நாவலாக அது போற்றப்படுகிறது. பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட எகிப்தியக் குழந்தை ஒன்று இந்தியாவில் வளர்ந்து தான் யாரென்று அறியும் கதை அது. அதற்கு ஆறு ஆண்டுகள் முன், 1879இல், தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழ்நாட்டில் வெளிவந்தது. அதை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையும் நீதிமன்றத்தில் கடமையாற்றியவர். அவரும் பெண்கல்விக்காக எழுதியவர். நீதிமன்ற வாசலில் நின்ற இருவர், கடலின் இரு கரைகளிலும், பெண் பிள்ளையின் கையில் புத்தகம் இருக்கவேண்டும் என்ற ஒரே முடிவுக்கு வந்தது எமக்கு வியப்பைத் தருகிறது.

இனி எமக்கு மிக நெருக்கமான பகுதிக்கு வருவோம். கண்டியில் பெண்கள் உயர்தரப் பாடசாலை 1879இலும் ஹில்வூட் 1890இலும் மிஷனரிமாரால் தொடங்கப்பட்டிருந்தன. ஆனால் முஸ்லிம் பெண் பிள்ளைகள் வெளியில் வந்து படிப்பது நினைக்கவும் முடியாத காரியம். 1890களின் தொடக்கத்தில் சித்தி லெப்பை கண்டியில் முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்கென ஒரு பாடசாலையைத் திறந்தார். அதற்குத் தலைமை ஆசிரியையாகத் தம் சொந்தச் சகோதரியையே அமர்த்தினார். பெண்ணைப் படிப்பிக்க அனுப்புவதா என்று ஊர் தயங்கியபோது, முதலில் தம் வீட்டுப் பெண்ணையே முன்னே நிறுத்தினார். வங்காளத்தில் பேகம் ரொக்கையா முஸ்லிம் பெண்களுக்கான தம் பாடசாலையைக் கல்கத்தாவில் தொடங்கியது 1911இல். அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே எமது மலைநகரில் இது நடந்தது. அந்தச் சகோதரியையும் நாம் இங்கு வணங்கி நினைக்கிறோம். அண்ணன் தம்பிமார் கூப்பிட்டாலும், ஊர் பார்த்துக்கொண்டிருக்க வாசற்படியைத் தாண்டிச் சென்று வகுப்பில் நிற்பதற்கு அவர் தம் மனத்தையும் கேட்டிருக்க வேண்டும்.

காலப்போக்கில் வழக்கறிஞர் தொழிலை விட்டுக் கல்விப் பணிக்கே தம்மை ஒப்படைத்தார். தம் பணத்தையும் செலவிட்டார். கம்பளை, குருநாகல் போன்ற ஊர்களிலும் பாடசாலைகள் தோன்ற உழைத்தார். பிள்ளைகளுக்கான பாடநூல்களைத் தாமே எழுதினார். இறுதிக் காலத்தில் மெய்ஞ்ஞானத் துறையில் ஆழ்ந்து, 1897இல் 'அஸ்ராறுல் ஆலம்' என்ற நூலை வெளியிட்டார். ஓயாமல் ஊருக்கு உழைத்த மனிதர் உள்ளே திரும்பிப் பார்க்கவும் நேரம் வைத்திருந்தார் என்பதற்கு அந்நூல் சாட்சி. அவ்வாறு அமர்ந்து பார்க்காதவருக்கு உள்ளத்தின் குரலும் மற்றவர்களின் சத்தமும் ஒன்றாகவே கேட்கும். 1898 பெப்ரவரி 5 அன்று, அறுபது வயது நிறையுமுன், அவர் காலமானார். 1977இல் அவர் நினைவாக முத்திரை வெளியிடப்பட்டது. கண்டியில் அவர் பெயரைத் தாங்கிய கல்லூரியில் இன்றும் பிள்ளைகள் படிக்கின்றனர்.

சகோதரிகளே, இதை எழுதும்போது நாம் எம்மையும் நினைத்துக்கொண்டோம். எமது பாட்டிமாரில் சிலர் பெரிய பிள்ளையானதும் பாடசாலையை விட்டு நிறுத்தப்பட்டவர்கள். எம்மில் ஒருவர் ஓவியம் படிக்க ஆசைப்பட்டு, வீட்டாரின் சொல்லுக்காகக் கணக்கியல் படித்து, ஐம்பது வயதில் தூரிகையைக் கையில் எடுத்தார். இன்னொருவர் எல்லோரும் வேண்டாம் என்ற தாதியர் தொழிலுக்குப் போய், இன்று அதில் நிறைவாக இருக்கிறார். தன் மனத்தைக் கேட்டுப் போய்த் தவறி, திரும்பி வந்து வேறு வழி தொடங்கியவரும் எம்மிடையே உண்டு. உள்ளுணர்வு ஒருபோதும் பிழைக்காது என நாம் சொல்ல மாட்டோம். எதிர்ப்பவரின் நியாயத்தையும் கேட்டு, அறிந்தவரிடம் கலந்து, முயன்று, தோற்று, அதன் பின்னும் அது அசையாமல் நின்றால் அதை நம்பலாம். அதற்காக எதையேனும் விட்டுக்கொடுக்க நீங்கள் ஆயத்தமாக இருந்தால் இன்னும் உறுதியாக நம்பலாம்.

ஆனால் இந்த மலரைப் படிப்பவர்களில் பலர் இன்று மாணவிகள் அல்லர். தாய்மார், மாமிமார், அதிபர்கள், ஆசிரியைகள். கண்டியில் இருந்தாலும் கனடாவில் இருந்தாலும், எமது வீட்டில் ஒரு மகள் இருக்கிறாள். அக்கறையுடன் அவளை மறிக்கும் அந்த ஊர் இன்று நாமேதான். அவள் தயங்கித் தயங்கி ஒன்றைச் சொல்ல வரும்போது, உடனே மறுமொழி சொல்லாமல் சற்று நேரம் கேட்டுக்கொண்டிருப்போமா? தம் பாடசாலையைப் பூட்டக் கண்டும் தம் எண்ணத்தைப் பூட்டாத ஒரு மனிதர் நடந்த வீதியில் வளர்ந்தவர்கள் நாம். இந்த நூற்றாண்டில் எமது மகள்மாருக்கு நாம் கொடுக்கக்கூடியது அந்தச் செவிசாய்ப்பே.