வாப்பிச்சி மரிக்கார் கேட்ட வெள்ளிக்கிழமை

எங்கள் வீடு இரத்மலானையில் இருக்கிறது. என் வாப்பா மேசன் பாஸ். தரம் ஆறில் சேர்ந்தபோது, படிவத்தில் தந்தையின் தொழில் கேட்ட இடத்தில் வியாபாரம் என்று எழுதியவள் நான். உம்மா அதைக் கண்டார். வாப்பாவிடம் சொல்லவில்லை.

கடந்த வருடம் வரலாற்றுப் பாடச் செயற்றிட்டத்துக்காகக் கொழும்பு நூதனசாலையைப் பார்க்க வேண்டியிருந்தது. வாப்பா ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு என்னைக் கூட்டிப் போனார். உள்ளே இருக்கும் சிலைகளை அவர் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. வெளியே நின்று வளைவுகளையும் தூண்களையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். இதைக் கட்டியவரையும் அந்தக் காலத்தில் பாஸ் என்றுதான் அழைத்தார்களாம் என்று போகிற போக்கில் சொன்னார். அன்றிலிருந்துதான் அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்காரைப் பற்றித் தேட ஆரம்பித்தேன்.

அவர் 1829இல் பிறந்து 1925இல் மறைந்தவர். கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு வாழ்ந்த மனிதர். கொழும்பின் முகத்தை மாற்றிய கட்டிடங்கள் பல அவர் கையால் எழுந்தவை. புறக்கோட்டையின் பழைய நகர மண்டபம், கோட்டையின் பெரிய தபாலகம் என்று அந்த வரிசை நீளும். நகர மண்டபத்தை 689 பவுணுக்கு ஒப்பந்தம் எடுத்தார் என்று பதிவாகியிருக்கிறது. ஒப்பந்தக்காரர்தானே, கல் சுமந்தவர் வேறு யாரோ என்று நான் வாப்பாவிடம் வாதாடிப் பார்த்தேன். சுண்ணாம்பின் பதம் தெரியாதவன் ஒப்பந்தம் எடுத்தால் கடனாளியாகத்தான் வீடு திரும்புவான் என்று சிரித்தார்.

நூதனசாலையின் வரைபடம் ஜேம்ஸ் ஸ்மிதருடையது. கட்டியெழுப்பியவர் மரிக்கார். 1877 ஜனவரியில் தேசாதிபதி வில்லியம் கிரகரி அதைத் திறந்துவைத்தார். முஸ்லிம்கள் பலர் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். விழா முடிவில், இந்த உழைப்புக்கு என்ன கௌரவம் வேண்டும் என்று தேசாதிபதி மரிக்காரைக் கேட்டாராம். மரவேலை செய்த தச்சரிடமும் அதே கேள்வி கேட்கப்பட, அவருக்குப் பட்டமொன்று கிடைத்தது. அதில் பிழையொன்றும் இல்லை. பட்டத்துக்கு மதிப்பிருந்த காலம் அது. மரிக்கார் கேட்டது வேறு. வெள்ளிக்கிழமைகளில் இந்தக் கட்டிடம் மூடியிருக்க வேண்டும் என்றார். அவ்வளவுதான். தேசாதிபதி இணங்கினார்.

காணி கேட்டிருக்கலாம், பட்டம் கேட்டிருக்கலாம். அவற்றைப் பிள்ளைகளுக்கு எழுதி வைத்திருக்கவும் முடியும். அவரோ ஜும்ஆவுடைய நாளைக் கேட்டார். அதை ஒருவர் மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது.

ஆனாலும் அவருடைய வீட்டுக்கும் ஒன்று போய்ச் சேர்ந்தது என்றே நினைக்கிறேன். 1892இல் சித்திலெவ்வையோடு சேர்ந்து மருதானையில் அல் மத்ரஸதுஸ் ஸாஹிராவைத் தொடங்கியபோது மரிக்காருக்கு அறுபதைத் தாண்டிய வயது. எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு இங்கே வாழ்ந்த ஒராபி பாஷா அதற்கு ஆதரவாக இருந்தார். அதுவே இன்றைய ஸாஹிராக் கல்லூரி. மகன் அப்துல் ரஹ்மான் சட்ட நிரூபண சபையில் முஸ்லிம்களுக்காக அமர்ந்தார். அடுத்த வருடம், 1893இல் பிறந்த பேரன்தான் சேர் ராசிக் பரீத். பாட்டனார் மறைந்தபோது அவருக்கு முப்பத்தொரு வயது. அந்தப் பேரன் 1946இல் பம்பலப்பிட்டியில் முஸ்லிம் மகளிர் கல்லூரியைத் தொடங்கினார். பாட்டனார் ஆண்பிள்ளைகளுக்குச் செய்ததைப் பேரன் பெண்பிள்ளைகளுக்குச் செய்தார். காலி வீதியில் பஸ்ஸில் போகும் எத்தனை பேருக்கு இந்த உறவு தெரியும்?

இன்னொன்றும் சொல்வார்கள். கண்டி மன்னரின் சிம்மாசனத்தை மக்கள் பார்ப்பதற்காக வெள்ளிக்கிழமையும் நூதனசாலையைத் திறக்க வேண்டும் என்ற நிலை வந்தது. பிரதமர் டி. எஸ். சேனாநாயக்க அதற்கு ராசிக் பரீதின் சம்மதத்தைக் கேட்டார். அவரும் சம்மதித்தார். பாட்டனார் இறந்து இத்தனை வருடங்களுக்குப் பின்னும், அவர் பெற்ற வாக்கை மாற்ற ஒரு பிரதமர் அந்தக் குடும்பத்தைக் கேட்டார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

செயற்றிட்டத்தை ஒப்படைத்த அன்றே வகுப்பாசிரியையிடம் என் பழைய படிவத்தைக் கேட்டு வாங்கி, வியாபாரம் என்பதை வெட்டி மேசன் என்று எழுதிக் கொடுத்தேன். வாப்பாவுக்கு இது இன்னும் தெரியாது. இந்த இதழ் வீட்டுக்கு வந்ததும் தெரிந்துவிடும்.