மூன்று தேர்வு கண்ட தமிழாசான்

தமிழ்த் தாத்தா எனத் தமிழுலகம் போற்றும் டாக்டர் உ. வே. சாமிநாதையரின் பெயரைக் கேட்டவுடன் பழந்தமிழ்ச் சுவடிகளே நம் நினைவுக்கு வருகின்றன. அவர் முப்பத்தொன்பது ஆண்டுகள் கல்லூரி ஆசிரியராக விளங்கியவர் என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. மாணவர் கற்றதை அளந்தறிவது எவ்வாறு என்னும் வினாவுக்கு அவர்தம் வாழ்வு நல்லதொரு விடை தருகிறது.

1855ஆம் ஆண்டு பிறந்த ஐயர், தஞ்சை மாவட்டத்து உத்தமதானபுரத்தைச் சேர்ந்தவர். 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அடைந்தார். பிள்ளையவர்கள் இளைஞரைச் செய்யுள் சொல்லச் செய்தார், பொருள் கேட்டார், நிகண்டுப் பயிற்சியையும் வினவினார். இதுவே முதல் தேர்வு. இன்னது தெரியும், இன்னது தெரியாது என்று கண்டு, பாடம் தொடங்க வேண்டிய இடத்தை அறிவதே அதன் நோக்கம். சாதி சமய வேறுபாடு பாராது பாடஞ் சொன்னவர் பிள்ளையவர்கள். நம் நாகூர் குலாம் காதிறு நாவலரும் அவரிடம் பயின்றவரே என்பது நமக்குப் பெருமிதம் தருவதாகும்.

இரண்டாம் தேர்வு 1880இல் கும்பகோணம் கல்லூரியில் நிகழ்ந்தது. அங்குத் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார், தாம் ஓய்வு பெறுங்கால் தம் இடத்துக்கு ஐயரைப் பரிந்துரைத்தார். ஆயினும் பரிந்துரை மட்டும் போதவில்லை. கல்லூரி ஆசிரியர் முன்னிலையில் அவர் பாடஞ் சொல்லிக் காட்ட வேண்டியிருந்தது. அதில் வென்று பணியேற்றார்.

மூன்றாம் தேர்வே தமிழின் வரலாற்றை மாற்றியது. அதே ஆண்டு அக்டோபரில், கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரை ஐயர் கண்டார். என்னென்ன நூல்கள் கற்றீர்கள் என முதலியார் வினவினார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை எனப் பலவற்றை ஐயர் அடுக்கினார். முதலியார் வியக்கவில்லை. சீவக சிந்தாமணியைக் கற்றதுண்டா, மணிமேகலையைக் கற்றதுண்டா என்று கேட்டார். இல்லை என்பதே விடை. ஆசிரியப் பதவியில் அமர்ந்துவிட்ட ஒருவருக்கு அக்கேள்வி எத்துணை நாணந் தந்திருக்கும்! ஐயரோ சினந்திலர், சிந்தாமணிச் சுவடியைப் பெற்றுக் கற்கலானார். அது சமண காவியமாதலின், கும்பகோணத்துச் சமணர் இல்லங்களுக்குச் சென்று, தம் மாணவர் வயதினர்போல் அமர்ந்து ஐயம் தெளிந்தார். பிற சமய நூலை அச்சமயத்தார்வாய்க் கேட்டறிந்த அப்பணிவை நாம் பின்பற்றுதல் வேண்டும். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் தொடர்ந்தன.

1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறிய ஐயர், 1919 வரை அங்குப் பணியாற்றினார். சென்னைப் பல்கலைக்கழகம் 1932இல் டாக்டர் பட்டம் அளித்துச் சிறப்பித்தது. 1942 ஏப்ரலில் மறைந்தார்.

இம்மூன்று தேர்வுகளிலும் மதிப்பெண் இல்லை. முதலாவது மாணவரின் நிலையை அறிந்தது. இரண்டாவது கற்பிக்கும் ஆற்றலை அறிந்தது. மூன்றாவது கல்லாத பரப்பைக் காட்டியது. இன்று நாம் நடத்தும் பருவத் தேர்வுகளோ வினா விடைக் கையேட்டை மனனம் செய்தோரையே பெரிதும் உயர்த்துகின்றன. மதிப்பெண் பட்டியலை நாம் விலக்க இயலாது. வேலைவாய்ப்பு அதனைக் கேட்கிறது. ஆயினும் வகுப்பிற் பாராத செய்யுள் ஒன்றைக் கொடுத்துப் பொருள் காணச் செய்வதும், கட்டுரையைத் திருத்திக் குறைகளை நேரிற் சுட்டுவதும் நம் கையில் உள்ளன. மாணவச் செல்வங்களே! தெரியாது என உணர்த்தும் வினாவைக் கண்டு அஞ்சாதீர். அத்தகைய வினா ஒன்றாலன்றோ சங்கச் செல்வம் நம் கைக்கு வந்தது!